ஃபெவிக்விக் சொட்டிய லான்சர்

ஒட்டுவதற்கு ஐந்து செகண்ட். எடுப்பதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பதிவின் சுருக்கம் அவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம் :-)

இன்னும் இருக்கிறவர்களுக்கு விஷயம் இது. பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் மாடல் மேல் சூப்பர் க்ளூ சிந்திவிட்டது. (எந்தக் கம்பெனி தயாரித்தாலும் நம்ம ஊரில் அதன் பெயர் ஃபெவிக்விக்தான்.) பெயிண்டும் போகக் கூடாது, பிளாஸ்டிக்கும் உருகக் கூடாது. எப்படி எடுப்பது? என் கிளாஸில் நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் சொன்னது ஒரே பதில்: "அசிட்டோன் போட்டுத் துடைடா மச்சி." தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் காரை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

18 சென்டிமீட்டர் கார்

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி. பெரியப்பா வீடு திருவள்ளூர். இரண்டும் ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போக வேண்டும் என்றால் சென்னைக்குள் போய் வண்டி மாறி வேறு லைனைப் பிடிக்க வேண்டும். நம் மாவட்டத்தின் அமைப்பு அப்படி!

திருவள்ளூருக்குப் பக்கத்தில் அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998இல் லான்சர் காரை அங்கேதான் செய்ய ஆரம்பித்தார்கள். (2021இல் இருந்து அதே ஆலையில் சிட்ரோயன் கார்கள் வருகின்றன.) பெரியப்பாவுக்கு அங்கே பெயிண்ட் ஷாப்பில் வேலை. ரோட்டில் ஒரு பழைய லான்சர் போனால் இன்றைக்கும் நின்று பார்ப்பார். வண்டியைப் பார்க்க மாட்டார், அதன் பெயிண்டைப் பார்ப்பார்.

ரிட்டையர் ஆன பிறகு, சிங்கப்பூரில் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அவருக்கு ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். டாமியா கம்பெனியின் லான்சர் எவல்யூஷன் மாடல், 1/24 அளவு. டாமியா ஜப்பானில் ஷிஜுவோகா ஊர்க் கம்பெனி, 1960இல் இருந்து பிளாஸ்டிக் மாடல் செய்கிறவர்கள். எவல்யூஷன் என்பது ராலிப் பந்தயத்துக்கான லான்சர். பின்லாந்தின் டோம்மி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு வருடம் உலக ராலி சாம்பியன் ஆனது லான்சரில்தான். திருவள்ளூரில் செய்தது சாதுவான குடும்ப லான்சர். பெரியப்பாவுக்கு அந்த வித்தியாசம் எல்லாம் பிரச்சினை இல்லை, லான்சர் லான்சர்தான்.

பெட்டிக்குள் சட்டத்தோடு வரும் பாகங்களை ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, பிரைமர் கொடுத்து, மெரூன் அடித்து, மேலே கிளியர் கோட் கொடுத்தார். நிஜக் காருக்கு என்ன வரிசையோ அதே வரிசை. முடிந்த கார் என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம், சுமார் 18 சென்டிமீட்டர். பெட்டியில் வந்த நம்பர் பிளேட் ஸ்டிக்கரை அவர் ஒட்டவில்லை. பொடி பிரஷ்ஷால் தானே எழுதினார், டி.என். 20 என்று. திருவள்ளூர் பதிவு எண்.

இது நடந்து பல வருடம் ஆகிறது. இப்போது பெரியப்பாவுக்குக் கை நடுங்குகிறது. காபி டம்ளரையே இரண்டு கையால் பிடித்துத்தான் குடிக்கிறார். அந்த எழுத்தை இனி அவரால் எழுத முடியாது. அதனால்தான் இவ்வளவு மெனக்கெடல்.

நடந்தது என்ன

லீவுக்கு வந்த பேரன், ஆறு வயது, ஷோகேஸில் இருந்த காரை எடுத்து ஓட்டியிருக்கிறான். விழுந்துவிட்டது. பக்கக் கண்ணாடியும் முன் பம்பரும் கழன்றன. பயல் அழவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. செருப்பு ஒட்ட வாங்கி வைத்திருந்த ட்யூபைத் தேடி எடுத்து, தானே ஒட்டி, திரும்ப ஷோகேஸில் வைத்துவிட்டான்.

ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்தபோது சேதம் நாலு விதமாக இருந்தது:

1. பக்கக் கண்ணாடி கோணலாக ஒட்டியிருந்தது.
2. கதவு மேல் ஒரு தடித்த சொட்டு, அதில் அழகாக ஒரு கைரேகை.
3. முன் கண்ணாடி ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது.
4. பம்பரில் இருந்து வழிந்த பசை நம்பர் பிளேட் மேல் ஏறியிருந்தது.

கைரேகை இருந்ததால் குற்றவாளியைத் தேட வேண்டிய வேலை மிச்சம். (சும்மா சொல்லவில்லை. 1970களின் கடைசியில் ஜப்பானில் ஆரம்பித்து, போலீஸ்காரர்கள் கைரேகை எடுக்க இதே பசையின் ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரேகையில் இருக்கும் ஈரத்திலும் உப்பிலும் ஆவி பிடித்து வெள்ளையாகத் தெரியும்.) அக்கா அடிக்கக் கை ஓங்கினாள். பெரியப்பா, "விடும்மா, உடைச்சதை ஒளிச்சு வைக்காம ஒட்டத்தானே பாத்திருக்கான்" என்றார். என்னைப் பார்த்து, "நீதான் காலேஜ் படிக்கிறியே, இந்தப் பசையை எடுக்க வழி பாரு. பெயிண்ட் போகக் கூடாது" என்றார்.

இந்தப் பசை எப்படி வேலை செய்கிறது

இதன் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942இல் அமெரிக்காவின் கோடாக் கம்பெனியில் ஹாரி கூவர் என்பவர், துப்பாக்கியில் குறி பார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்தது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டதால் உபயோகம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் அவருடைய குழு வேறு ஆராய்ச்சியில் மறுபடி இதே பொருளிடம் வந்தது. இந்தத் தடவை விலை உயர்ந்த கருவி ஒன்றின் இரண்டு கண்ணாடிப் பட்டகங்கள் ஒட்டிக்கொண்டன. அப்போதுதான் 'அட, இது பசையாச்சே' என்று தோன்றியது. 1958இல் கடைக்கு வந்தது.

மற்ற பசை மாதிரி இது காய்வது இல்லை. ஃபெவிகாலில் இருக்கும் தண்ணீர் போனால் அது இறுகும். இதில் நேர் எதிர், தண்ணீர் வந்தால்தான் இறுகும். காற்றிலும் பொருளின் மேலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் பட்டதும் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கைகோத்துச் சங்கிலி ஆகிவிடும். பழைய விளம்பரத்தில் ஒருத்தர் குச்சியில் நாலு சொட்டு விட்டுத் தண்ணீரில் முக்கி மீன் பிடிப்பாரே, அந்தக் காமெடிக்குள் கொஞ்சம் கெமிஸ்ட்ரியும் இருக்கிறது.

இதில் இருந்து மூன்று விஷயம் புரியும்.

ஒன்று, மெல்லிசாகத் தடவினால் உடனே பிடிக்கும், தடித்த சொட்டு உள்ளே வெகுநேரம் ஈரமாகவே இருக்கும். இரண்டு, கோத்துக்கொள்ளாத மூலக்கூறுகள் ஆவியாகிப் பறந்து, பக்கத்தில் ஈரத்தைச் சந்தித்து, அங்கேயே வெள்ளைத் தூளாகப் படியும். அந்தப் பூப்பு இதுதான். பெயிண்ட் வெந்துபோகவில்லை, பசைதான் வேறு ரூபத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று, காற்றில் ஈரம் அதிகமானால் பூப்பும் அதிகம். பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும்!

ஏன் அசிட்டோன் வேண்டாம்

அசிட்டோன் இறுகிய பசையைக் கரைக்கும், உண்மைதான். உலோகம், கண்ணாடி என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் மாடல் செய்யும் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். நம் ஸ்கூல் பிராஜெக்ட் புகழ் தெர்மாகோலும் அதே பாலிஸ்டைரீன்தான், அது நுரை, இது கெட்டி. ஒரு துண்டு தெர்மாகோலில் அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பள்ளம் விழுந்து பிசுபிசுவென்று போய்விடும். காருக்கும் அதே கதிதான், கொஞ்சம் மெதுவாக. அதற்கு முன்னாலேயே பெயிண்ட் கரைந்து பஞ்சில் வந்திருக்கும்.

'அசிட்டோன் இல்லாதது' என்று எழுதிய ரிமூவர் வாங்கலாமே என்று அக்கா கேட்டாள். அதில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும், அதுவும் பாலிஸ்டைரீனைக் கடிக்கும். பசை எடுக்க என்றே விற்கும் திரவங்களும் கரைப்பான்கள்தான், பசைக்கு ஒரு நியாயம் பெயிண்டுக்கு ஒரு நியாயம் என்று அவை பார்ப்பதில்லை. பெட்ரோல், தின்னர், பிரேக் ஆயில் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்படியே கத்தியால் நெம்பி எடுத்தால்? இங்கேதான் பெரியப்பா ஒரு வார்த்தையில் முடித்தார். "பசை பெயிண்டைப் பிடிச்சிருக்கு, பெயிண்ட் பிளாஸ்டிக்கைப் பிடிச்சிருக்கு. இழுத்தா எது முதல்ல விடும்?" பெயிண்ட்தான் விடும். நெம்பினால் சொட்டு முழுசாக வரும், அடியில் மெரூன் வட்டமும் சேர்ந்து வரும்.

நிஜக் காரில் எல்லாக் கோட்டும் சேர்ந்து சுமார் 100 மைக்ரான் வரும், ஒரு தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன். மாடலில் அதை விட மெல்லிசு. அதற்குள் பிழைக்க வேண்டும். ஆக, எதைப் போட்டால் பசை கரையும் என்ற கேள்வியையே விட்டுவிட்டோம். பெயிண்டைத் தொடாமல் பசையை எவ்வளவு தூரம் குறைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று யோசித்தோம்.

முதல் ஞாயிறு: கோணல் கண்ணாடி

இந்தப் பசைக்கு ஒரு பலவீனம் உண்டு. நேராக இழுத்தால் யானை பலம், பக்கவாட்டில் தட்டினாலோ திருகினாலோ கண்ணாடி மாதிரி உடையும். குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம் உடையும். அதனால் காரை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்தோம். வஞ்சிரத்துக்கும் ஐஸ் டிரேவுக்கும் நடுவே லான்சர். பெரியம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வெளியே எடுத்ததும் பையைத் திறக்கவில்லை. திறந்தால் ஈரக்காற்று பட்டுக் கார் முழுக்க வியர்த்துவிடும். பையோடு சேர்த்தே பக்கக் கண்ணாடியை விரலால் பிடித்து, இழுக்காமல் லேசாகத் திருகினேன். 'டிக்.' வந்துவிட்டது. ஒட்டியிருந்த இடத்தில் அரிசி நுனி அளவு பெயிண்ட் போயிருந்தது, ஆனால் அது கண்ணாடியின் அடியில் மறையும் இடம். வராமல் அடம்பிடித்தால் பலம் காட்டாதீர்கள், இன்னொரு மணி நேரம் உள்ளே வையுங்கள்.

இரண்டாம் ஞாயிறு: கதவு மேல் சொட்டு

இதுதான் நிஜமான வேலை. நன்றாக இறுகிய பசை பெயிண்டை விடக் கெட்டி. பெரிய வாட்டர் பேப்பரை வைத்துத் தேய்த்தால் சொட்டு அப்படியே இருக்கும், சுற்றி இருக்கும் பெயிண்ட் காலியாகும். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்த வரிசை இது:

முதலில் சொட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப். அதையும் நேராக ஒட்டக் கூடாது, உள்ளங்கையில் நாலு தடவை ஒட்டி எடுத்துப் பிசினைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் டேப்பே பெயிண்டை உரிக்கும்.

பிறகு ஐஸ் குச்சியைச் சின்னதாக வெட்டி, நுனியில் 1000 நம்பர் வாட்டர் பேப்பர் துண்டு ஒட்டிக்கொண்டேன். பேப்பர் சொட்டை விடச் சின்னதாக இருக்க வேண்டும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்து, நனைத்து, சொட்டின் உச்சியில் மட்டும் தேய்க்க வேண்டும். பத்துத் தடவை தேய், துடை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார். மறுபடி பத்து. பையனின் கைரேகை முதல் அரை மணி நேரத்தில் போனது. பெரியப்பா அதற்கு மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார் :-)

மேடு குறைந்து டேப்பின் உயரத்துக்கு வந்ததும் 1500, அப்புறம் 2000. "இப்ப நிறுத்து" என்று அவர் சொன்னபோது விரலால் தடவினால் இன்னும் லேசாக மேடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் என்றேன். "வண்டி பாக்குறதுக்கு, தடவுறதுக்கு இல்ல" என்றார். தேய்க்கும் தண்ணீரில் நிறம் தெரிந்தால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம், அதற்கு முன்னாலேயே நிறுத்துகிறவன்தான் பெயிண்டர் என்பது அவர் கணக்கு. கடைசியில் டேப்பை எடுத்து, மெல்லிய துணியில் ரப்பிங் காம்பவுண்ட் தொட்டுப் பாலிஷ் போட்டோம். மிச்சம் இருக்கும் பசைப் படலம் இப்போது இன்னொரு கிளியர் கோட் மாதிரி தெரிகிறது. எங்கே இருக்கிறது என்று தெரிந்து தேடினால்தான் கண்ணில் படும்.

உங்கள் மாடலில் கிளியர் கோட் இல்லை என்றால் இன்னும் சீக்கிரம் நிறுத்துங்கள். பளபளப்பு வித்தியாசமாகத் தெரிந்தால் பளபளப்பையோ மங்கலையோ தரும் கிளியரை அந்தப் பாகம் முழுவதும் ஒரு தடவை அடித்துவிட்டால் சமன் ஆகிவிடும்.

மூன்றாம் ஞாயிறு: வெள்ளைப் பூப்பும் நம்பர் பிளேட்டும்

பூப்புக்கு முதலில் ஒரு சோதனை. பட்ஸில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவுங்கள். வெள்ளை மறைந்தால் அது மேலாகப் படிந்த தூள்தான், பிழைக்கும். எண்ணெய் காய்ந்ததும் திரும்ப வந்துவிடும் என்பதால் இதையே வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் எண்ணெயைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, கண்ணாடிப் பாகத்தைக் காருக்கு வாங்கும் ஹெட்லைட் பாலிஷால் பொறுமையாகத் தேய்த்தோம். தெளிந்தது. பெயிண்ட் மேல் இருந்த லேசான பூப்புக்குத் தேய்ப்பு தேவைப்படவில்லை. பூப்பு வெள்ளையாகத் தெரிவதே அதன் சொரசொரப்பால்தான். மேலே கிளியர் அடித்ததும் சொரசொரப்பு நிரம்பி நிறம் திரும்பிவிட்டது.

நம்பர் பிளேட் கதை வேறு. அந்த எழுத்தின் மேல் கிளியர் கோட் இல்லை. வெறும் பிரஷ் பெயிண்ட், அதன் மேல் நேராகப் பசை. வாட்டர் பேப்பர் ஒரு தடவை வழுக்கினாலும் டி.என். 20 போய்விடும். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தோம். ஆரம்பித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெரியப்பா வேண்டாம் என்றார். "எழுத்து தெரியுதுல்ல? அப்படியே இருக்கட்டும்."

இருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் பிளேட்டின் ஒரு மூலை மட்டும் நனைந்த மாதிரி மின்னும். எடுக்காமல் விட்டதுதான் மூன்று வாரத்தில் நாங்கள் எடுத்த சரியான முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது. எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மெரூன் பெயிண்ட் கடையில் கிடைக்கும். அந்தக் கையெழுத்து கிடைக்காது.

சில எச்சரிக்கைகள்

பசை ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் துடைக்காதீர்கள், இழுத்துப் பரப்பிவிடும். டிஷ்யூ பேப்பரின் ஒரு மூலையால் சொட்டை லேசாகத் தொட்டால் அதுவே உறிஞ்சும். மிச்சத்தை ஒரு நாள் விடுங்கள். அரைகுறையாக இறுகியது ரப்பர் மாதிரி இழுபட்டுப் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஈரப் பசைமேல் பஞ்சு வைக்கவே கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடாகிப் புகையும், விரலைச் சுடும் அளவுக்கு. பருத்திக் கையுறைக்கும் இது பொருந்தும்.

வெந்நீரில் ஊறவைக்கும் யோசனை தோலுக்குச் சரி, மாடலுக்கு இல்லை. விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரியுங்கள், பிய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டு நேராக டாக்டரிடம் போங்கள், வேறு எதையும் முயற்சி செய்ய வேண்டாம்.

எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் வண்டியின் அடிப்பக்கத்திலோ, பெட்டியில் மிச்சமாகும் சட்டத்துண்டிலோ செய்து பாருங்கள். கண்ணாடிப் பாகங்களை ஒட்ட அடுத்த தடவை வெள்ளை ஃபெவிகால் எடுங்கள். மெதுவாகத்தான் இறுகும், ஆனால் தெளிவாக இறுகும், பூக்காது. சூப்பர் க்ளூவே வேண்டும் என்றால் ட்யூபில் இருந்து நேராகப் பிழியாமல், மூடி ஒன்றில் ஒரு சொட்டு விட்டு, குண்டூசி முனையால் தொட்டு வையுங்கள். ஃபேன் இல்லாவிட்டாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் ஆறு வயதுப் பையன் இருந்தால் ட்யூபை உயரத்தில் வையுங்கள். காரை அவன் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைக்கலாம் என்பது பெரியப்பாவின் கருத்து. இதில் அக்காவுக்கு உடன்பாடு இல்லை. உங்கள் கருத்தைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், வேறு நல்ல வழி தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள். அசிட்டோன் என்று மட்டும் யாரும் வராதீர்கள் :-)